கிணற்றடி வீட்டுக்காரர் என்ன கேட்டார்?

நான் வாசித்ததெல்லாம் பொய் என்பது அன்ரிக்குத் தெரியுமா, தெரியாதா?

இருபது வருடங்களாகியும் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தெரியாது என்று நினைக்கும் நாட்களில் வெட்கமாக இருக்கிறது. தெரிந்திருக்கும் என்று நினைக்கும் நாட்களில் அதைவிட வெட்கமாக இருக்கிறது. அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. அவர் உயிரோடு இருக்கிறார். இதை யாராவது அவருக்கு வாசித்துக் காட்டிவிடுவார்களோ என்று எழுதும்போதே பயமாக இருக்கிறது. வாசித்துக் காட்டினால் என் வேலை சுலபமாகிவிடும் என்றும் ஒரு பக்கம் தோன்றுகிறது. அந்த நினைப்புக்கும் வெட்கப்படுகிறேன்.

மானிப்பாயில் எங்கள் ஒழுங்கையில் இரண்டாவது வீடு அவருடையது. கடைத்தெருவில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுப்பது அவருடைய வேலை. நாற்பது வயதிருக்கும். கல்யாணம் செய்யவில்லை. படுக்கையாகிவிட்ட தகப்பனைப் பார்த்துக்கொண்டு தனியாக இருந்தார். ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் அன்ரிதான்.

டொக்டரின் துண்டைக் கொண்டு போனால் மற்றவர்களைப்போல அவர் குளிசையை எடுத்து நீட்டிவிடமாட்டார். கடதாசி உறையில் போட்டு, வாசிக்கத் தெரியாதவர்களுக்காக உறையின் மேல் பேனையால் ஒரு சூரியனும் ஒரு பிறையும் கீறுவார். பிறகு, "எங்கை, எப்ப எப்ப போடவேணுமெண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்று திருப்பிக் கேட்பார். வாங்க வந்தவர் பிழையாகச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். பின்னால் வரிசை நீண்டுகொண்டு போகும்.

அதோடு விட்டால் பரவாயில்லை. மூன்று நாள் கழித்து வீதியில் கண்டால் சைக்கிளை நிற்பாட்டி, "பேந்து?" என்பார். பிறகு என்ன ஆயிற்று என்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கேட்பது. "இருமல் பேந்து எப்பிடி? ராவிலை நித்திரை கொள்ளுறாரோ?" தூரத்தில் அவருடைய சைக்கிளைக் கண்டால் வேறு ஒழுங்கையால் திரும்பிப் போனவர்களும் உண்டு.

ஒரு கல்யாண வீட்டில், மாப்பிள்ளை பகுதியினர் வந்து கதிரைகளில் இருந்து, எல்லோரும் மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்த நேரம். பெண்ணின் பெரியப்பாவைக் கண்டுவிட்ட அன்ரி இந்தப் பக்கத்திலிருந்தே கேட்டார்:

"அண்ணை, வயித்தாலை போனது பேந்து நிண்டிட்டுதோ?"

அவர் வேட்டியைச் சரி செய்தபடி சொன்னார்: "அது நிண்டிட்டுது தங்கச்சி. இப்ப என்ரை மானந்தான் போய்க்கொண்டிருக்கு."

மண்டபமே சிரித்தது. அன்ரி மட்டும் சிரிக்கவில்லை. "நிண்டால் சரி. குளிசை மிச்சமிருந்தால் போடாதேங்கோ" என்றார்.

"குளிசை குடுக்கிறது பாதி வேலை, பிள்ளை" என்று எனக்கு ஒருமுறை சொன்னார். "பேந்து என்னண்டு கேக்காட்டில் மற்றப் பாதியை ஆர் செய்யிறது?"

இப்படிப்பட்ட ஒருவரிடம்தான் நான் அந்தப் பொய்யைச் சொல்லத் தொடங்கினேன்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த காலம் அது. ஜேர்மனியிலிருந்த அன்ரியின் தமையன், ஊருக்கு வந்த ஒருவரிடம் பார்சல் கொடுத்துவிட்டிருந்தார். சம்போ, சொக்கிலேற், இந்த வெயிலில் படுக்கையிலிருந்த ஐயாவுக்குக் கம்பளிக் காலுறை, இவற்றோடு அவருடைய மகன் விளையாடி அலுத்துப்போன ஒரு கேமும் இருந்தது. ஊதா நிறத்தில், சவர்க்காரக் கட்டியைவிடச் சற்றே பெரியது. நடுவில் ஒரு சின்னத் திரை. "அயலிலை ஒரு பிள்ளைக்குக் குடு" என்று தமையன் எழுதியிருந்தாராம். கொடுக்க முன்னர் வேலை செய்கிறதா என்று பார்க்க அன்ரி பற்றரியைப் போட்டு அழுத்தியிருக்கிறார். அதற்குப் பிறகு கொடுக்கும் எண்ணமே வரவில்லை.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். விறாந்தையில் அம்மாவும் இருந்தார்.

"பிள்ளை, இதுக்குள்ளை ஒரு சின்னப் பெட்டை வாளோடை நடக்கிறாள். போற இடமெல்லாம் சனம் ஏதோ சொல்லுது. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நீ இங்கிலீசிலை பரிசு வாங்கின பிள்ளையெல்லே, ஒருக்கா வாசிச்சுச் சொல்லு."

நான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனை சித்தியடைந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆங்கிலக் கவிதை ஒப்புவித்து முதலாமிடம் எடுத்ததை அம்மா ஒழுங்கை முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். திரையைப் பார்த்தேன். எழுத்துகள் எல்லாம் தெரிந்தவை. ஒரு சொல்கூடத் தெரியவில்லை.

அது டொச், ஜேர்மனியின் பாஷை, என்பது எனக்கு அப்போது தெரியாது. எங்களுக்கு இருந்த இரண்டு பாஷைகளில் தமிழில்லாத எழுத்து என்றால் ஆங்கிலம். என்னால் வாசிக்க முடியாத பெரிய ஆங்கிலம் என்றுதான் நினைத்தேன். அம்மா தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். திரையில் ஒருவரின் தலையில் மஞ்சளாக ஏதோ இருந்தது.

"இவர் ராசா" என்றேன். "தன்ரை மகளைக் காணேல்லையாம்."

அன்ரி முன்னால் சரிந்தார். "பேந்து?"

அந்த ஒரு சொல்லில் நான் அகப்பட்டேன். இரண்டு வருடங்கள் வெளியே வரவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அன்ரி பாமசியிலிருந்து வந்து, ஐயாவுக்குத் தேத்தண்ணி கொடுத்து முடிய நான் போவேன். விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் வாசிப்பு. பொத்தான்களை நான் அழுத்துவேன். அன்ரி பக்கத்தில் இருந்து கேட்பார். நானே ஒரு நாட்டை உண்டாக்கினேன். மகளைத் தேடும் ராசா, மந்திரத்தால் ஆமையாகிவிட்ட மந்திரி, உப்பு விற்கும் பூதம். ஊர்களுக்கெல்லாம் பெயர் வைத்தோம். கடலோரத்தில் ஊற்று உள்ள ஊருக்குக் கீரிமலை. அன்ரி ஒரு பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் அவற்றை எழுதி வைத்தார்.

உள் அறையிலிருந்து ஐயா கூப்பிடுவார். "எடியே, உங்கை ஆரோடை கதைக்கிறாய்?"

"ராசாவோடை ஐயா."

"எந்த ராசா?"

"மகளைத் துலைச்ச ராசா."

"கவனமில்லாத ராசா" என்பார் ஐயா. பிறகு சற்று நேரம் கழித்து, "கண்டுபிடிச்சாச்சோ?"

படலையில் யாராவது கூப்பிட்டால் அன்ரி கேமை வெறும் மருந்துப் பெட்டிக்குள் போட்டு அலுமாரிக்குள் தள்ளிவிடுவார். "நாப்பது வயசிலை விளையாட்டுச் சாமானோடை இருக்கிறாளெண்டு கதை கட்டிவிடுவினம்." ஊர் முழுவதன் வயிற்று நோயையும் பகிரங்கமாக விசாரிப்பவர் அந்த ஒன்றைத்தான் மறைத்தார். மறைத்ததை என்னை நம்பித் திறந்து காட்டினார். இதையும் நான் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒருநாள் கேட்டார்: "பிள்ளை, உந்த எழுத்துக்கு மேலை ஏன் ரெண்டு புள்ளி கிடக்கு?"

நானும் அதைக் கவனித்திருந்தேன். பயந்தும் இருந்தேன். "அது ராசாக்களின்ரை இங்கிலீஸ் அன்ரி. பழைய காலத்து இங்கிலீசுக்குப் புள்ளி வரும்."

"ஓமோ? எங்கடை குளிசைப் பெட்டியளிலை புள்ளி இல்லையே."

"குளிசையள் புதுசுதானே."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்றார். அந்தப் பார்வையை எத்தனையோ தடவை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். சில தடவை அதில் சிரிப்பு இருக்கிறது. சில தடவை ஒன்றுமே இல்லை.

இனி அந்தக் கிணற்றடி வீட்டைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பயணத்தில் இரண்டாவது ஊர். கிணற்றுக்குப் பக்கத்தில் சிவப்புக் கூரை போட்ட வீடு. உள்ளே ஒரு வயதான மனிதர். கட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தார். அந்த மனிதரோடு கதைத்தபோது நீளமாக ஏதோ சொன்னார். கீழே இரண்டு சொற்களோடு ஒரு பெட்டி வந்தது. ஒரு சின்னக் கை மேலுள்ள சொல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. கீழுள்ளதை அழுத்தினால் கதை கெதியாக முடியும் என்பதை நான் அதற்குள் கண்டுபிடித்திருந்தேன். எனக்கு ரியூசனுக்கு நேரமாகிவிட்டது. கீழுள்ளதை அழுத்தினேன். அந்த மனிதர் கட்டில் பக்கம் திரும்பி நின்றார்.

"பிள்ளை, உவர் ஏதோ கேட்டவர்" என்றார் அன்ரி.

"இல்லை அன்ரி. கிணத்துத் தண்ணி நல்லதெண்டு சொல்லுறார்."

"தண்ணியைப் பற்றிக் கதைக்கிற மனிசன் ஏன் கட்டிலைப் பாக்கிறார்? நான் பாமசிக் கவுண்டரிலை எத்தினை வருசமா நிக்கிறன். கேக்க வந்த மனிசன் நிக்கிற நிலை எனக்குத் தெரியும். வடிவாப் பார், வேறை ஒண்டும் கேக்கேல்லையோ?"

"இல்லை அன்ரி."

"மருந்து ஏதும்?"

"இல்லை."

"ஒண்டும் கேக்கேல்லை?"

மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இல்லை என்றேன். கேமில் எங்களிடம் அப்போது ஒரு நீலப் போத்தல் இருந்தது. ஒரேயொரு போத்தல். குகைக்குள் மிகுந்த பாடுபட்டு எடுத்தது. பையைத் திறக்கும்போதெல்லாம் அன்ரி அது பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பார்.

இரண்டு கிழமை கழித்து அந்த ஊரால் திரும்பி வந்தோம். அன்ரி நேரே அந்த வீட்டுக்குத்தான் போகச் சொன்னார். மனிதர் நின்றார். கட்டில் வெறுமையாக இருந்தது.

"அவ எங்கை?"

என்ன நடந்திருக்கும் என்று எனக்கும் விளங்கியது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு விளங்காதா? "மகள் வீட்டை போட்டாவாம்" என்றேன்.

"எந்த ஊர்?"

"அது சொல்லேல்லை."

"சுகமில்லாத மனிசியை அனுப்பிப்போட்டு ஊரைச் சொல்லாமல் ஒருத்தர் இருப்பாரே? சரி, தேடுவம்."

தேடினோம். ராசாவின் மகளை மறந்துவிட்டு, கலண்டர்த் தாளில் எழுதியிருந்த ஊர் ஒவ்வொன்றுக்கும் திரும்பிப் போய், ஒவ்வொரு வீட்டுக் கதவையும் திறந்து, ஒவ்வொரு கட்டிலையும் பார்த்தோம். பார்த்து முடிந்த ஊருக்கு முன்னால் அன்ரி ஒரு சின்னக் கோடு போடுவார். ஒரு மாதம் கழிந்தது. இரண்டு மாதம் கழிந்தது. தாங்க முடியாமல் ஒருநாள், கடற்கரையில் நின்ற மீன்காரரின் வாயில் வைத்துச் சொன்னேன்: "அவ இப்ப நல்ல சுகமாம் அன்ரி."

"உவருக்கு ஆர் சொன்னது?"

"கேள்விப்பட்டவராம்."

"நேரை பாத்தவரோ?"

"இல்லை."

"அப்ப நாங்கள் பாப்பம்" என்றார் அன்ரி. "நட பிள்ளை."

இதுவரை எழுதியது விளையாட்டு. வெறும் கேம்தானே, பிள்ளைப்புத்திதானே என்று மன்னித்துவிடலாம். அடுத்ததை எழுதத்தான் கை கூசுகிறது.

தமையனின் அடுத்த பார்சலில் ஐயாவுக்கு ஒரு மருந்துப் பெட்டி வந்தது. மூட்டு நோவுக்கு அங்கே நல்ல குளிசை என்று சொல்லி அனுப்பியிருந்தார். அன்ரி பெட்டிக்குள் இருந்த தாளை விரித்து என்னிடம் தந்தார். "மருந்தின்ரை பேர் எனக்குப் பழக்கமில்லை. எத்தினை, எப்ப எண்டு வாசிச்சுச் சொல்லு."

தாளில் எழுத்துகளுக்கு மேல் இரண்டு புள்ளிகள். கேமில் அடிக்கடி வரும் சின்னச் சொற்கள் அங்கேயும் இருந்தன. பெட்டி ஜேர்மனியிலிருந்து வந்தது. கேமும் ஜேர்மனியிலிருந்துதான் வந்தது. அந்த நிமிடத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. இது ஆங்கிலமே இல்லை. தெரியாது என்று சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. என்னில் பிழையே இல்லை, இது வேறு பாஷை என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் ராசா? ஆமை? அந்தக் கட்டில்?

உள்ளே ஐயா இருமிக்கொண்டு கிடந்தார்.

"சாப்பாட்டுக்குப் பிறகு. ஒரு நாளைக்கு ரெண்டு" என்றேன்.

"வடிவாப் பார்."

"ஓம் அன்ரி, ரெண்டு."

"ரெண்டெண்டே போட்டுக் கிடக்கு?"

"ஓம்."

அன்ரி தாளை வாங்கினார். பெட்டியில் எப்படி வந்ததோ அதே மடிப்பில் மடித்து உள்ளே வைத்தார். பெட்டியை அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு வந்து, பக்கத்தில் இருந்து கேமை என் கையில் தந்தார்.

"சரி. ராசா இப்ப என்ன சொல்லுறார்?"

அந்தக் கிழமை முழுவதும் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஐயாவின் இருமல் சத்தம் எங்கள் வீட்டு யன்னலுக்குக் கேட்கும். கேட்கும்வரை நிம்மதி. ஒரு காலை கேட்கவில்லை. பல்லுக்கூட விளக்காமல் ஓடிப்போனேன். ஐயா கட்டிலில் இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அன்ரி, ஐயாவுக்கு அந்தக் குளிசை குடுத்தனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. டொக்டரிட்டைக் காட்டினனான். ஐயான்ரை உடம்புக்குச் சரிவராதெண்டிட்டார்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஏன், இரைக்கிறாய்? இரு, தேத்தண்ணி குடி" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு தாளையும் ஒரு கடிதத்தையும் அவர் என்னிடம் வாசிக்கத் தரவில்லை. கேமை மட்டும் தந்தார். நான் சொன்னதையெல்லாம் முன்போலவே கேட்டார். "பேந்து?" என்றார்.

தெரிந்துதானே அப்படிச் செய்திருப்பார்? அல்லது, முன்பின் தெரியாத மருந்தை டொக்டரிடம் காட்டாமல் கொடுக்காதது அவருடைய இயல்பு மட்டும்தானா? நான் சரியாக வாசித்திருந்தாலும் காட்டியிருப்பார்தானே? இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருபது வருடமாக நிற்கிறேன்.

நான் போவதை நிறுத்தினேன். படிப்பு, ரியூசன், சோதனை என்று காரணங்கள் இருந்தன. அன்ரி அம்மாவிடம் சொல்லிவிடுவார்.

"எடி, உன்னை அன்ரி கேட்டவ" என்று அம்மா வந்து சொல்வார். "கிழவன்ரை மனிசியை இன்னும் காணேல்லையாம், வந்தால் தேடலாமாம். ஆரடி அது? எங்கடை ஒழுங்கையிலை ஆரும் காணாமல் போனவையே?"

"அது... சும்மா ஒரு பாடம் அம்மா" என்றேன். அதுவும் பொய்.

ஐயாவின் செத்த வீட்டுக்கு நான் போகவில்லை. அடுத்தநாள் சோதனை என்று சொன்னேன். சோதனை அடுத்தநாள் இல்லை. அந்த வருடமே அன்ரி வீட்டைப் பூட்டிவிட்டுக் கரவெட்டியில் தங்கை வீட்டோடு போய்விட்டார். போகும்போது எங்கள் படலையில் நின்று, "போட்டு வாறன்" என்று சொன்னாராம். நான் அறைக்குள் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன்.

இப்போது நான் ஆங்கில ஆசிரியை. இதைச் சொல்லாமல் விடலாமா என்று யோசித்தேன். விட்டால் இதுவும் மறைத்ததாகிவிடும்.

இந்த ஆடி அமாவாசைக்கு மாமாவின் பிதிர்க்கடனுக்காகக் கீரிமலைக்குப் போயிருந்தோம். கணவர் கேணியடியில் நின்றார். சன நெரிசலில் என் ஆறு வயது மகள் கையை விட்டுவிட்டு ஓட, நான் கத்திக் கூப்பிட்டேன். பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

"உது ஆர் பிள்ளை? கேம் வாசிக்கிற பிள்ளையெல்லே?"

அன்ரி கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். தங்கையின் மகள் கையைப் பிடித்திருந்தாள். நான் பேசாமல் சனத்துக்குள் கரைந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்தது உண்மை. ஆனால் அதற்குள் என் மகள் வந்து அவர் முன்னால் நின்றுவிட்டாள்.

"ஓம் அன்ரி, நான்தான். கண்ணுக்கு என்ன?"

"சீனி வருத்தம் கொண்டு போட்டுது. ஊருக்கெல்லாம் குளிசை எண்ணிக் குடுத்தனான், என்ரையை மறந்திட்டன்" என்று சிரித்தார். கையால் தடவி என் மகளின் தலையைக் கண்டுபிடித்தார். "உன்ரை அம்மா எனக்கு ஒரு கதை வாசிச்சவ, தெரியுமே? உப்பு விக்கிற பூதத்தின்ரை கதை. எங்கடை வீட்டிலை சின்னனுகளெல்லாம் அதைக் கேட்டுத்தான் சோறு தின்னுங்கள்."

மகள் வாயைப் பிளந்தபடி என்னைப் பார்த்தாள். "எனக்கு ஏன் அம்மா சொல்லேல்லை?"

அன்ரி என் பக்கம் திரும்பினார்.

"கேம் இன்னும் கிடக்குப் பிள்ளை. புதுப் பற்றரி போட்டால் வேலை செய்யுது. நாங்கள் போன தூரமெல்லாம் அழிஞ்சுபோச்சு, முதலிலையிருந்துதான் தொடங்கவேணும். ஒருநாள் கரவெட்டிக்கு வா. அந்தக் கிணத்தடி வீட்டுக்கு ஒருக்காப் போவம். அவர் என்ன கேட்டவரெண்டு இந்தமுறை வடிவா வாசிச்சுச் சொல்லு."

இந்தமுறை என்றார். வடிவா என்றார். அதில் ஏதும் இருந்ததா என்று அவருடைய முகத்தில் தேடினேன். கறுப்புக் கண்ணாடியில் என் முகந்தான் தெரிந்தது.

"வாறன் அன்ரி" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் கேமைப் பற்றிச் சொன்னேன். பொய்யைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் எங்கெங்கோ தேடி, அதை ஆங்கிலத்தில் போனில் ஏற்றித் தந்தார்.

"இஞ்சை பாரும், நீர் சொன்னது இதுதானே? ஊதாத் தலைமயிர்ப் பெட்டை, வாள்."

அதேதான். அதே மணியோசைபோன்ற பாட்டு. சனிக்கிழமைகளில் மகளின் நடன வகுப்பு முடியும்வரை வெளி விறாந்தையில் இருந்து விளையாடினேன். ஒரு கொப்பியில் குறிப்பும் எழுதினேன். "பள்ளிக்கூடத்துப் பாடக்குறிப்பையும் நீர் இவ்வளவு வடிவா எழுதுறேல்லையே" என்று கணவர் பகிடி பண்ணினார்.

ராசா ராசாவே இல்லை. வைக்கோல் தொப்பி போட்ட ஆட்டுக்காரர். காணாமல் போனது மகளல்ல, ஆடு. பூதம் உப்பு விற்கவில்லை. அந்தக் கதையில் பூதமே கிடையாது, அவர் தபால்காரர். விறாந்தையில் தனியாகச் சிரித்தேன். பிறகு கிணற்றடி வீட்டுக்குப் போனேன்.

அவர் சொன்னது இதுதான்: "வழிப்போக்கரே, என் மனைவி ஒன்பது நாளாகக் கண் திறக்கவில்லை. உங்களிடம் நீல மருந்து இருப்பதாகச் சொன்னார்கள். தருவீர்களா?"

மேலே ஆம். கீழே இல்லை.

எங்களிடம் இருந்தது. அன்ரி பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அவர் ஏதும் கேட்கவில்லையா என்று அன்ரி மூன்று தடவை கேட்டார்.

வேண்டுமென்றே கீழுள்ளதை அழுத்திப் பார்த்தேன். பிறகு திரும்பி வந்தேன். கட்டில் வெறுமை. அந்த மனிதர் சொன்னார்: "இனி அவசரமில்லை. நீங்கள் போய் வாருங்கள்." அதை நான் "மகள் வீட்டை போட்டாவாம்" என்று வாசித்திருக்கிறேன். வீடு வீடாக, கட்டில் கட்டிலாக, மாதக்கணக்கில் அன்ரியைத் தேட வைத்திருக்கிறேன்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கி, மேலுள்ளதை அழுத்தினேன். அந்தப் பெண் எழுந்து இருந்தார். எங்களைப் பார்த்து, "யார் இந்தப் பிள்ளை? சாப்பிட்டாளா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதன் பிறகு எப்போது போனாலும் அவர் கிணற்றடியில் நிற்கிறார்.

போன கிழமை இன்னொன்று நடந்தது. மகள் தன் பாடப்புத்தகத்தை எனக்கு வாசித்துக் காட்டினாள். நரியும் காகமும் வந்தன. நான் சமைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றாக வாசிக்கிறாள் என்று பூரித்துப்போனேன். திரும்பிப் பார்த்தால் அவளுடைய கண் எழுத்தில் இல்லை, படத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் இருந்தது மழையைப் பற்றிய பாடம். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது? "பொய் சொல்லுறியோ? வாசிக்கத் தெரியாட்டில் தெரியாதெண்டு சொல்லத் தெரியாதோ?" என்று கத்தி, கையையும் ஓங்கிவிட்டேன்.

அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "நீங்கள் சந்தோசமாக் கேட்டுக்கொண்டிருந்தனீங்கள் அம்மா."

ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது.

வருகிற போயா தினத்துக்கு, அந்தப் பௌர்ணமி விடுமுறைக்கு, கரவெட்டிக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறேன். மகளும் வருகிறாள். அவளுக்குப் பூதத்தைப் பார்க்க வேண்டுமாம். அன்ரி பக்கத்தில் இருப்பார், திரை அவருக்குத் தெரியாது. கிணற்றடி வீட்டுக்குப் போக ஒரு மணித்தியாலம்கூட ஆகாது. என் கொப்பியில் எல்லாம் எழுதியிருக்கிறது. இந்தமுறை உண்மையை வாசிக்கலாம், போத்தலைக் கொடுக்கலாம், அந்தப் பெண்ணை எழுப்பலாம். அதுவரைக்கும் எனக்குத் தெளிவு.

ஆனால் அந்த வீட்டுக்குப் போகும் வழியில்தான் ராசா நிற்கிறார். அவரை ஆட்டுக்காரர் என்று சொன்னால் கரவெட்டிப் பிள்ளைகள் சோறு தின்னும் கதையை நான் பறித்ததாகிவிடுமே. ராசா என்றே சொல்லிவிட்டுக் கிணற்றடியில் மட்டும் உண்மை பேசினால் அது என்ன உண்மை? அன்ரிக்கு எல்லாம் முன்பே தெரியும் என்றால், என் குற்றத்தைக் கொண்டுபோய் அவர் மடியில் கொட்டுவது எனக்காகத்தானே, அவருக்காக இல்லையே? தெரியாது என்றால், கண் தெரியாத காலத்தில் அவருக்கு இதைச் சொல்லத்தான் வேண்டுமா? என் மகளுக்கு முன்னால் சொல்வதா, அவளை முற்றத்தில் விளையாட விட்டுவிட்டுச் சொல்வதா? ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று சரியாகத் தெரிகிறது.

கணவரிடம் கேட்க வெட்கம். அம்மாவிடம் கேட்க முடியாது. அதனால்தான் இதை வாசிக்கும், முகம் தெரியாத உங்களிடம் கேட்கிறேன். யோசித்து, போயாவுக்கு முன்னர் எழுதுங்கள். கடுமையாகச் சொல்வதென்றாலும் பரவாயில்லை.

நான் "ஆம்" என்பதை அழுத்தியதும் அந்தப் பெண் எழும்பிவிட்டார் என்று அன்ரிக்குச் சொல்வேன். அன்ரிக்குப் பெரிய சந்தோசமாக இருக்கும். ஆனால் அவர் அதோடு விடுகிற ஆள் இல்லை. "அப்ப முதல் தடவையும் அவர் மருந்துதான் கேட்டவரோ, பிள்ளை?" என்பார். ஒரு தடவையல்ல, மூன்று தடவை கேட்பார்.

நான் என்ன சொல்லட்டும்?